அம்மாசி வூட்டுக் கச்சேரி

பொண்ணு பாக்க வர்ற நேரத்துல வெள்ளக்காரன் அலறுற பாட்டை எவனாவது போடுவானா? அம்மாசி போட்டாரு.

மணலூர்பேட்டை சின்னதுரை குடும்பத்தோட ஆட்டோவ விட்டு இறங்குறாரு, கருணாபுரம் தெரு முழுக்க கிடார் சத்தம். இந்தச் சம்பந்தத்தப் பேசி இட்டாந்தவ நானு. எனக்கு மானமே போச்சு.

உள்ள ஓடி, "அண்ணே, நிறுத்துங்க. பொண்ணு வாழ்க்கைண்ணே"ன்னேன்.

"முடியட்டும் பூமாலை"ன்னாரு. கூலிக்குப் போற மனுசனுக்கு இம்மாம் கொழுப்பான்னு இருந்துச்சு. காபித் தட்டோட நின்னுக்கினு இருந்த அமிர்தமும் அப்பாவ ஒரு வார்த்தை சொல்லல.

சின்னதுரை கடுகடுன்னு பாயில உக்காந்தாரு. மாப்பிள்ளை தனசேகரன் மட்டும் தலைய ஆட்டிக்கினு, இது பெங்களூரு கச்சேரிப்பா, கொட்டுற மழையில ஜனம் கூடவே பாடும், அதுக்காகவே இன்னிக்கும் கேக்குறாங்கன்னு ஆரம்பிச்சான். அப்பா மொறச்சதும் அடங்கிட்டான்.

"உங்களுக்கு இங்கிலீசு புரியுமா?"ன்னாரு சின்னதுரை.

புரியாதுன்னாரு அம்மாசி.

"அப்புறம் இன்னாத்துக்கு இது? குடும்பத்தப் பத்தி நாலு வார்த்தை சொல்லுவீங்கன்னு வந்தோம்." துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்துட்டாரு. முடிஞ்சுது கதைன்னு நான் தலையில கை வச்சிக்கினேன்.

அம்மாசியும் எழுந்தாரு.

"அதத்தாங்க சொல்லிக்கினு இருக்கேன். நெலம் நீச்சுன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அமிர்தம் பொறக்கறதுக்கு முன்ன பெங்களூருல சாரம் கட்டப் போயிருந்தேன். இந்தக் கச்சேரி மேடைக்குச் சவுக்குக் கட்ட நட்டு, கயிறு கட்டுனது நானு. கச்சேரி முடியற வரைக்கும் பயத்தோட கீழயே நின்னேன். கேளுங்க, மேல எப்பிடிக் குதிக்கிறாங்க. அந்த மழையிலயும் ஒரு முடிச்சு அவுரல."

அட, எங்க தெரு ஆளான்னு எனக்கே பெருமையா இருந்துச்சு.

சின்னதுரை நின்ன எடத்துலயே பாட்டு முடியற வரைக்கும் கேட்டாரு. அப்புறம் பாயில வந்து உக்காந்தாரு.

"மறுபடியும் போடுங்க சம்பந்தி. சத்தத்தக் கொஞ்சம் ஜாஸ்தி வையுங்க."