பயணி பெயர்

"மேல்மலையனூர் அமாவாசை பஸ் புக்கிங் நாளைக்கே ஓப்பன் ஆவணும். வெப்சைட் நிக்காம ஓடுதில்ல, அது போதும். பயணி பேரைத் தனியா அனுப்பிக்கிட்டு இருக்காம, டேட்டாபேஸுக்குப் போற கட்டளையோடவே ஒட்டிடு கவிதா" என்றார், செஞ்சி கோட்டை ரோட்டில் கம்ப்யூட்டர் ஆபீஸ் நடத்தும் விக்டர், தன்னிடம் புரோகிராம் எழுதும் பெண்ணிடம்.

"ஒட்ட மாட்டேன் சார்."

"ஒட்டுனா இன்னாம்மா ஆயிடும்?"

"எவனாவது பேரு போடற எடத்துல 'எல்லாத்தையும் அழி'ன்னு டைப் பண்ணா, டேட்டாபேஸ் அதையும் கட்டளைன்னு நெனச்சி, சேத்து வச்ச புக்கிங் எல்லாத்தையும் அழிச்சிடும். தனியா அனுப்புனா அது வெறும் பேருதான்."

விக்டர் சிரித்தார். "கட்டளையைப் போயி எவன்மா பேரா வைப்பான்?"

"எங்க வூட்ல வச்சாங்க. கவிதாங்கறது நானா வச்சிக்கிட்டது."

பயணி பெயர் என்ற கட்டத்தில் தன் ஆதார் பெயரை அடித்தாள்: போதும்பொண்ணு.

விக்டரின் சிரிப்பு நின்றது.

"நான் மூணாவது பொண்ணு சார். பொண்ணுங்கள இதோட நிறுத்துன்னு மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போட்ட கட்டளை."

"அப்புறம் தம்பி பொறந்தானா?"

"ரெண்டு தங்கச்சி பொறந்தாளுங்க. பேரு வேற, கட்டளை வேறன்னு அம்மனுக்கே தெரிஞ்சிருக்குது சார்."