மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி

"தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்க அண்ணனுக்குப் பேராசை. விஷயம் அவ்வளவுதான்" என்றார் பக்கத்து வீட்டு மளிகைக்காரர், நகராட்சி அலுவலக வராந்தாவில்.

தம்பியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பேருந்து நிலையத்தைப் பெரிதாக்க நகராட்சி தெரு முழுவதையும் கேட்டது. எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அப்பா விட்டுப்போன, இப்போது அண்ணன் குடியிருக்கும் வீடு மட்டும் பாக்கி. அது அண்ணன், தம்பி இருவர் பேரிலும் இருந்ததால் இருவரும் சேர்ந்து வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி எப்போதோ தயார். வேன் ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு நாள் சவாரி போச்சு.

அண்ணன்தான் பிடி கொடுக்கவில்லை. முதல் தடவை, பின்சுவர் அளவு தப்பு என்றார். திரும்ப அளந்தார்கள். அடுத்த தடவை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு விலை போடவில்லை என்றார். போட்டார்கள். போன தடவை திடீரென்று வாசல் கேட் ஞாபகம் வந்தது அவருக்கு.

அண்ணன் தையல்காரர்தான், அளவில் கறாராக இருக்கட்டும். அதற்காக இப்படியா ஜவ்வாக இழுப்பது?

இருவரும் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பா போன பிறகு வந்த ஒரு வாய்ச்சண்டை. "இனிமே உன் வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு" என்று கிளம்பிய தம்பி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். ரோஷத்தில் மட்டும் அப்பாவை உரித்து வைத்திருந்தான்.

அண்ணன் இன்றும் முதல் ஆளாக வந்து பெஞ்சில் இடம் பிடித்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க், இரண்டு தம்ளர். ஒன்றில் டீ ஊற்றித் தம்பி பக்கம் நகர்த்தினார். தம்பி வழக்கம்போல் சுவரைப் பார்த்தான். டீ வழக்கம்போல் ஆறியது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி அம்மாவுக்குப் பொறுமை போயிருந்தது. "ஐயா, இன்னைக்கும் முடியலைன்னா, கட்டாயமா எடுத்துக்கலாமான்னு அடுத்த கூட்டத்துல பேசிடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. விலை கூட வேணுமா? சொல்லிடுங்க."

"விலையெல்லாம் போதும் மேடம்."

"அப்புறம் என்ன?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மாடிப்படிக்குக் கீழ ஒரு அலமாரி இருக்கு. அதை யாரும் கணக்குல..."

"போதும்ணே!" தம்பி வெடித்தான். "தெருவே காறித் துப்புது. அலமாரியாம் அலமாரி! இன்னும் என்னதான்ணே வேணும் உனக்கு?"

அண்ணன் அவனையே பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் வேணாம் மேடம்" என்றார் அதிகாரியிடம். "அண்ணேன்னு கூப்பிட்டுட்டான். எங்க கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி குழம்பிப்போனார். "அப்ப இவ்வளவு நாள் எதுக்கு இழுத்தீங்க?"

"நான் போன் பண்ணா எடுக்க மாட்டான். வீட்டுக்கும் வர மாட்டான். நீங்க கூப்பிட்டா மட்டும் வர்றான். பேசாட்டியும் பக்கத்துல உட்கார்றான்." சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. "என்ன பண்றது, எனக்குத் தெரிஞ்ச ஆட்சேபணை எல்லாம் தீர்ந்துபோச்சு."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி வாங்கிக்கொண்டான். மாடிப்படிக்குக் கீழே அந்த அலமாரி. அப்பாவின் அடிக்குப் பயந்து இரண்டு பேரும் அதற்குள்தான் ஒளிந்துகொள்வார்கள். உள்ளே போனதும் இவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அண்ணன் அவன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்வார். மாட்டினால் அண்ணன்தான் முதலில் வெளியே போய் அடிக்கு முதுகைக் காட்டுவார்.

அந்த இருட்டுக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை உட்கார வேண்டும் போலிருந்தது தம்பிக்கு.

"போடுங்க சார்" என்றார் அதிகாரி. "இன்னையோட முடிஞ்சுது. இனிமே நீங்க ரெண்டு பேரும் இங்க வர வேண்டிய வேலையே இல்லை."

தம்பி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு மேடம். வீட்டுக்குப் போய் அந்த அலமாரியைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."