பகல் தூக்கம்

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிணியின் எதிரே உட்கார்ந்திருந்தாள் சிவரஞ்சனி. பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் அருள்மணி வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“தலையில எப்படி அடிபட்டுச்சு?”

“மீமிசல் போற வழியில ஸ்கூட்டர் சறுக்கிருச்சு டாக்டர். காயம் ஆறிருச்சு. ஆனா அன்னையிலேருந்து பகல்ல ஒரே தூக்கம். சோத்துல கை வச்சா தூக்கம், பஸ்ஸுல உக்காந்தா தூக்கம். போன வாரம் குடுமியான்மலை கோயில்ல, வரிசையில நின்னுக்கிட்டே தூங்கியாச்சு!”

டாக்டர் சிரித்துவிட்டார். “இந்தத் தூக்கத்தைப் பத்தித்தான் எங்க ஆராய்ச்சி. ஆனா குணமாகும்னு உறுதி சொல்ல முடியாது. பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்.”

“பரவாயில்லைங்க. நமக்கு இல்லாட்டியும் நாலு பேருக்கு உதவும்ல? சேந்துக்கலாம்.”

“நீங்க சொன்னாப் போதாதும்மா. அடிபட்டவங்கதான் சம்மதம் சொல்லணும். அவரை எழுப்புங்க.”

“அவரை எதுக்கு எழுப்பணும்? அடிபட்டது எனக்குத்தானே!”

டாக்டர் திகைத்துப்போய் அருள்மணியைப் பார்த்தார்.

“அடுப்புக்கிட்ட நான் தூங்கி விழுந்துருவேனோன்னு இவருக்குப் பயம். ராத்திரி ஐஸ் கம்பெனி வேலைய முடிச்சிட்டு வந்து, பகல் பூரா தூங்காம என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு.”

சரியப் பார்த்த அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள் சிவரஞ்சனி.

“கேக்க வேண்டியதை மெதுவாக் கேளுங்க டாக்டர். இன்னைக்கு ஒரு நாளாவது நான் இவரைப் பாத்துக்கிடுறேன்.”