பிழையில்லாத ஒப்பாரி

சடையனின் உடலைக் காவல் நிலையத்திலிருந்து கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். எதிரே தெருக்கம்பத்தின் விளக்கு பச்சையாக எரிந்தது. காலனிக்காரரின் பேச்சுவழக்கு அதன் காதில் விழுந்தால் அது சிவக்கும். உடனே போலீஸ் வண்டி வந்து, பேசியவரை அள்ளிக்கொண்டு போகும். சடையன் சந்தையில் மீன் விலைதான் கேட்டான். பக்கத்தில் நின்று அதே மீனுக்குப் பேரம் பேசிய ஊர்க்காரருக்குச் சந்தை விளக்கு சிவக்கவில்லை.

பூங்காவனம் மார்பில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மகன் தேசிங்கு பாய்ந்து வந்து பொத்தினான்.

"யம்மா, நம்ம பேச்சு வேணாம்," என்று காதோடு சொன்னான். "நியூஸ்ல பேசுற மாதிரி அழுவு."

"நியூஸ்காரி எங்கடா அழுவுறா?" என்று முணுமுணுத்தாள் பக்கத்து வீட்டு அஞ்சலை.

பூங்காவனம் வார்த்தைகளைத் தேடித் தேடி அழுதாள்.

"என் அன்பான கணவரே! என்னைத் தனியாக விட்டுச் சென்றுவிட்டீர்களே! என் வாழ்வே போயிற்றே!"

சுற்றியிருந்த பெண்களும் "வாழ்வே போயிற்றே" என்று மாரடித்தார்கள். அஞ்சலையின் நாக்கில் 'ழ' பிசகியது. எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள். பச்சை மாறவில்லை.

அடக்கம் செய்துவிட்டு வந்த தேசிங்கு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுத்தான்.

"நல்லா அழுதம்மா. ஒரு தப்புகூட இல்ல."

அவளும் அவன் காதருகே வந்து, தங்கள் பேச்சில் கிசுகிசுத்தாள்.

"உங்கப்பனுக்கு அந்தப் பேச்சு தெரியாதேடா. தன்னை நெனச்சுதான் அழுவுறேன்னு அதுக்குப் புரிஞ்சிருக்குமா?"