மகாராணி பாட்டு

"இந்த வேகமே வேண்டாம். பாதியாக் குறைச்சு, 'மலையே'ன்னதும் ஒரு மூச்சு வாங்குங்க," என்றார் ராம்பிரசாத் மறுபடியும்.

சூர்யகலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், இது எங்காத்தா ஜீப்புல கைதட்டிப் பாடுன பாட்டு. இழுத்து இழுத்துப் பாட இதென்ன எழவு வீடா?"

போடியில் சும்மா கிடந்த ஏலக்காய்க் குடோன்தான் அவர்களுக்கு ஸ்டூடியோ. எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் சாக்கு தொங்கியது. யாரும் அறியாத இந்த பேண்டைத் தானே தேடி வந்திருந்தார் கொச்சியின் பெரிய புரொடியூசர் ராம்பிரசாத். அதுவும் நேராக வரும் போடிமெட்டு மலை வழியை விட்டுவிட்டு, குமுளி, கம்பம் என்று ஊரைச் சுற்றி!

"பெரிய மனுசருக்கு போடிமெட்டு வளைவுன்னா வாந்தி வரும்போல," என்று டிரம்ஸ் முனீஸ்வரன் கிண்டலடித்திருந்தான்.

சூர்யகலாவின் ஆத்தா மகாராணி, தினமும் ஜீப்பில் மலையேறி ஏல எஸ்டேட் வேலைக்குப் போனவள். பாட்டைக் கட்டியவளும் அவள்தான். ஒரு நாள் காலையில் போடிமெட்டு வளைவில் எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கப்போன ஜீப்பு பள்ளத்தில் பாய்ந்தது. ஏறியவர்களில் ஒருத்தரும் மிஞ்சவில்லை.

மகளுக்கு ஆத்தா என்று மிச்சமிருந்தது இந்தப் பாட்டு ஒன்றுதான். அதையும் கெடுக்க வந்துவிட்டாரே பாவி மனுசர்!

"யக்கா, ஒருவாட்டி அவரு சொல்றபடி பாடிரு. பிடிக்கலேன்னா அழிச்சிட்டுப் போறோம்," என்றான் முனீஸ்வரன்.

வேண்டா வெறுப்பாக மைக் முன்னால் நின்றாள். டிரம்ஸ் கிடையாது, கிதார் கிடையாது.

"ஏலமலையே..." மூச்சு. "எம்மக காத்திருப்பா..." மூச்சு. "வெரசா எறக்கி..."

"விடு" என்ற கடைசிச் சொல்லைப் பாடவே கூடாது என்றிருந்தார் ராம்பிரசாத். அப்படியே நிறுத்தினாள்.

பதிவானதைப் போட்டுக் கேட்டாள். தொண்டை அவளுடையதுதான், குரல் அவளுடையதாக இல்லை. எங்கோ தூரத்தில் ஆத்தா கூப்பிடுவது போலிருந்தது. முனீஸ்வரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்து நின்றான்.

"சார்... ஆத்தா இப்படிப் பாடி நான் கேட்டதே இல்ல. ஆனா இது ஆத்தாதான். ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

ராம்பிரசாத் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அன்னிக்கு ஜீப்புக்கு எதிர்ல வந்தது என் காரும்மா. நிறுத்தினேன், இறங்கலை... பள்ளத்துலருந்து இப்படித்தான் கேட்டுச்சு."