மதியக் கடையின் முதல் போணி

கோவையில் இப்போது யாருக்கும் முழுநாள் கடை கிடைப்பதில்லை. ஊர் அப்படிப் பெருத்துவிட்டது; ஒரே அறையில் வேளைக்கு ஒரு கடை. சரவணம்பட்டியில் கோகிலவாணிக்குக் கிடைத்தது மதியக் கடை. அதுவும் தினமும் திறந்தவுடன் போணி ஆகாவிட்டால், அந்த அறையே அவளை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

முதல் நாள், காலைக் கடைக்காரர் தங்கவேலின் பம்புசெட்டுகள் சுவருக்குள் போயின. கோகிலவாணியின் குழந்தைச் சட்டைகள் வெளியே வந்தன. கற்பூரம் காட்டி முடித்தும் வாசலில் ஈ காக்கை இல்லை. கிளம்பிய தங்கவேல் திரும்பி வந்து ஒரு கவுனை எடுத்தார்.

"பாப்பாவுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க. போறவங்க வர்றவங்களுக்குப் போணி பண்ணோணும், அதுதான் இங்க வழக்கம். சாயங்காலம் நீங்களும் மறந்துராதீங்க."

வியாபாரம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் சட்டைகள் உள்ளே போக, சுழல்நாற்காலியும் கண்ணாடியும் வெளியே வந்தன. ஆண்கள் சலூன். சலூன்காரர் துண்டை உதறிவிட்டு அவளையே பார்த்தார்.

அவளை அழைத்துப்போகக் கணவன் சபரீசன் வாசலில் நின்றிருந்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசையாக வளர்த்த தாடியோடு.

"உக்காருங்க மாமா," என்றாள்.

தாடி போனதும் அவன் மோவாயில் ஒரு குழி தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததேயில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் கன்னத்தைத் தடவினான். "சரி, நாளைக்கு என்ன பண்றது?"

"தலையில அத்தனை முடி இருக்குதுங்களே மாமா."