ஒன்பது பாயிண்ட் முன்னால்

"எழுத மாட்டேன்" என்று கோச் வெள்ளைத்தாளை மேசைக்குக் குறுக்கே திருப்பித் தள்ளினார். பேனா உருண்டு முதல்வரம்மாவின் மடியில் விழுந்தது.

"மரியாதையாப் போகத்தான் வழி சொல்றோம்" என்றார் முதல்வர். "பதினாலு வருஷம் இந்தக் காலேஜுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. நீங்களே ராஜினாமா எழுதிட்டா வெளியில பேர் கெடாது."

"என் பேரைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம் மேடம். தைரியம் இருந்தா நீக்குங்க."

பக்கத்தில் இருந்த கல்லூரிச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அரையிறுதி ஆட்டம். ஒன்பது பாயிண்ட் முன்னால இருக்கோம். மூணு நிமிஷம்தான் பாக்கி. பசங்களைக் கூட்டிக்கிட்டு கோர்ட்டை விட்டு வெளியே வந்துட்டீங்க. கையில இருந்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு, இங்க வந்து தைரியத்தைப் பத்திப் பேசறீங்களா?"

"கண்ணு தெரியாதவன் ஊதற விசிலுக்கு என் பசங்க ஆட மாட்டாங்க."

"நடுவரை என்ன சொல்லித் திட்டினீங்க?"

"ஞாபகம் இல்ல."

முதல்வர் சுவரோரம் நின்றிருந்த உதவி கோச்சைப் பார்த்தார். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. சொல்லுங்க."

உதவி கோச் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யோவ், உன் கையில விசிலை யாருய்யா குடுத்தது? போய் ஸ்கூல் வாசல்ல நின்னு, பிள்ளைங்க ரோடு தாண்ட ஊது, போ."

கோச்சின் அதே கரகரப்பு, அதே இழுவை. செயலாளர் சட்டென்று கோச்சின் வாயைத்தான் பார்த்தார், அது மூடியிருந்தது.

"இது ஒண்ணுதான் வரும் இவனுக்கு" என்றார் கோச். "பதினோரு வருஷமா என் பின்னால பந்து மூட்டை தூக்கறான். ஒரு பையனுக்கு ஒழுங்கா பாஸ் போடச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. மூட்டைன்னு பேர் வெச்சதே நான்தான்."

"ஆமாங்க மாஸ்டர்" என்றார் உதவி கோச்.

"கடைசியாக் கேக்கறேன்..." என்று ஆரம்பித்தார் முதல்வர்.

"நானும் கடைசியாச் சொல்றேன். பந்து உருண்டையா சதுரமான்னு தெரியாத ரெண்டு பேருக்கு நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

அரைமணி நேரத்தில் பணிநீக்கக் கடிதம் முத்திரையோடு வந்தது. கோச் நின்றபடியே ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் சிரித்தார். தானாக விலகினால் இரண்டு வருடம் வேறு கல்லூரிக்குப் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். கல்லூரியே நீக்கினால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் தலைவர் மூன்று வாரமாக ஃபோனில் இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னார். "நீக்கின கடிதத்தோட வாங்க தம்பி, மறுநாளே நீங்கதான் எங்க தலைமை கோச். அதுவரைக்கும் நேர்ல பாக்க வேணாம், விஷயம் கசிஞ்சிடும்." வாக்கியத்துக்கு ஒரு தடவை இருமுகிற கிழவர்.

பின்னால் காலடிச் சத்தம். உதவி கோச் கையை நீட்டியபடி வந்து நின்றார்.

"பந்து ரூம் சாவி, மாஸ்டர். இனிமே டீம் என் பொறுப்புன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"வெச்சுக்கோடா மூட்டை. அடுத்த சீசன் எதிர்ப்பக்கம் நான் நிப்பேன். ஐம்பது பாயிண்ட் வித்தியாசத்துல உன்னை ஓட விடறேன், பாரு." சாவியைத் தரையில் போட்டுவிட்டு, கோச் தன் ஃபோனை எடுத்துத் தலைவரின் எண்ணை அழுத்தினார்.

உதவி கோச் குனிந்து சாவியை எடுத்தார். நிமிர்ந்தபோது அவருடைய பையில் ஒரு ஃபோன் அடித்தது. அவசரப்படாமல் எடுத்தார், கோச்சின் கண்ணைப் பார்த்தபடியே காதில் வைத்து, ஒரு முறை இருமினார்.

"சொல்லுங்க தம்பி, கடிதம் கைக்கு வந்துடுச்சா?"